ஏற்றம் தொடங்கினால் திரும்பிவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு உன் செய்தி வந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு ஒரே வரி: "பவளப்பாறையில் ஃப்ளை ஃபிஷிங் பழகணும், கையில் அதிகம் இல்லை, எதை வாங்கலாம்?" கூடவே ஒரு படம். முழங்கால் தண்ணீர், தூரத்தில் பாறை விளிம்பில் நுரை. தண்ணீரில் உன் நிழல் ஒன்றுதான் விழுந்திருந்தது. கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கொக்கியில் இறகும் நூலும் கட்டிய பொய் இரைதான் ஃப்ளை, அதை வீச ஒரு ராடு போதும். 9 அடி, 8 வெயிட் (அது வீசும் லைனின் கனத்தைச் சொல்லும் எண்), நான்கு துண்டாகக் கழற்றுவது. ராடில் மிச்சம் பிடிக்கலாம், நடுத்தர ராடு உன் வீச்சைக் கெடுக்காது. உன் வீச்சு என்னுடையதைவிட நேர்த்தி, அது உனக்கே தெரியும். ரீலில் பார்க்க வேண்டியது இரண்டு: உப்புநீர் புகாதபடி மூடிய டிராக் (மீன் ஓடும்போது பிடித்து நிறுத்தும் பிரேக்), 30 பவுண்டு தாங்கும் பேக்கிங், அதாவது லைனுக்கு அடியில் சுற்றும் மெல்லிய நூல், 180 மீட்டராவது கொள்ளும் இடம். லைனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குளிர்நீருக்கென்று செய்த லைன் வெப்பக்கடல் வெயிலில் துவண்டுபோய் ராடின் வளையங்களில் ஒட்டிக்கொள்ளும், வீச்சு பாதியிலேயே விழும். வெப்பக்கடலுக்கான மிதக்கும் லைன், வெயிட் ஃபார்வர்ட் (முன்பக்கம் கனமானது) என்று கேட்டு வாங்கு.

லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் மெல்லிய இழையான லீடரைக் கடையில் வாங்காதே, நீயே கட்டு. ஃப்ளோரோகார்பன் இழையில், லைன் பக்கத்திலிருந்து 40 பவுண்டு 120 செ.மீ., 30 பவுண்டு 60 செ.மீ., 20 பவுண்டு 90 செ.மீ. துண்டுகளுக்கு நடுவில் பிளட் முடிச்சு, ஃப்ளையில் நழுவாத வளைய முடிச்சு. இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனை. உலர்ந்த முடிச்சை இழுத்தால் உராய்வுச் சூட்டில் இழை வலுவிழந்துவிடும், மீன் இழுக்கும்போது அங்கேதான் அறும்.

ஃப்ளை பத்து வகை வேண்டாம். சின்ன மீன்போலக் கட்டிய கிளவுசர் மின்னோ, கொக்கி 1, 4 அளவுகளில், வெள்ளையோடு ஆலிவ் அல்லது மணல் நிறம். சின்ன இறால் ஃப்ளை கொஞ்சம். முழங்கால் தண்ணீருக்கு மணிச்சங்கிலிக் கண் வைத்தது, இடுப்புக்கு மேலே ஆழமென்றால் ஈயக் கண். ஆழமில்லாத இடத்தில் ஈயக் கண் 'தொப்'பென்று விழுந்து மீனை விரட்டும், பவளத்திலும் போய்ச் சிக்கும். சிக்கினால் ராடை வெடுக்கென்று தூக்காதே, நுனி முறிந்துவிடும். ராடை நேராக நீட்டி லைனைக் கையால் இழு. வரவில்லையா, அறுத்துவிடு. ஒரு ஃப்ளைக்காகப் பவளத்தை மிதிக்கப் போகாதே. மணலிலும் செத்த கல்லிலும் மட்டும் கால் வை. கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் இல்லாமல் இறங்கவே கூடாது.

இழுத்த லைன் பாறையில் கிடந்தால் கிழியும், காலிலும் சுற்றும். அதற்கென்று விற்கும் கூடை வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் அடியில் துளை போட்டு, பத்துப் பன்னிரண்டு கேபிள் டையை உள்ளே முள்போல நிற்கும்படி கோத்து, பெல்ட்டால் இடுப்பில் கட்டிக்கொள்.

மீன் கடித்ததும் ராடைத் தூக்குகிறாய் என்று நினைக்கிறேன். குளத்தில் மிதவை போட்ட காலத்தில் நான் பழக்கிய பழக்கம் அது, இங்கே உதவாது. ராடு நுனி தண்ணீரைத் தொட்டபடியே இருக்கட்டும், இடதுகையால் லைனை நீளமாக இழுத்துக் கொக்கியை ஏற்று. கொக்கி ஏறாவிட்டாலும் ஃப்ளை ஓரடிதான் நகர்ந்திருக்கும், பாரை மீன் திரும்பி வந்து மறுபடியும் கடிக்கும். ராடைத் தூக்கினால் ஃப்ளை மீன் கண்ணிலிருந்தே போய்விடும். லைன் நுனியைத் தராசில் கட்டி இழுத்து டிராக்கைச் சரிபார், 20 பவுண்டு லீடருக்கு 5 பவுண்டு. கலவா மீன் என்றால் இன்னும் கூட்டு, முதல் சில நொடியில் பொந்துக்குள் போய்விட்டால் அப்புறம் இழை மிஞ்சாது. பெரிய கலவாவையும் சீலாவையும் சாப்பிடாதே, விட்டுவிடு. அவற்றின் உடலில் சேரக்கூடிய சிகுவாட்டெரா நஞ்சு வேகவைத்தாலும் போகாது, மணத்திலும் தெரியாது.

வீடு வந்ததும் நன்னீரில் மெதுவாகக் கழுவு. குழாயைப் பீய்ச்சினால் உப்பு ரீலுக்குள்ளே ஏறும். டிராக்கைத் தளர்த்தி வை.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். கடல் வற்றத்தின் கடைசியிலும் ஏற்றம் தொடங்கும் நேரத்திலும் மீன் நன்றாகக் கடிக்கும், அதனாலேயே கால் திரும்பாது. ஆறு மணிநேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் பாதித் தண்ணீர் ஏறிவிடும். நீ நிற்கும் பாறைமேடு முழங்கால் அளவிலேயே இருக்கும்போது, கரைக்கும் உனக்கும் நடுவே உள்ள பள்ளம் கழுத்தளவு நிரம்பியிருக்கும். அதனால் வற்றம் அடங்கி ஒரு மணிநேரம் கழித்து அடிக்கும்படி அலாரம் வை, அடித்ததும் திரும்பு. வற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய அலாரம் இன்றைக்கு ஆகாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் இன்னும் பெரிது.

தனியாகப் போகாதே. நஞ்சுள்ள கல்மீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் காலை வைத்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியாக நின்றால் யாரம்மா வெந்நீர் வைப்பார்கள்? திருக்கை கிடக்கும் மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நட. தனியாகப் போகாதே என்று முன்பே சொன்னேனா? மறுபடியும் சொல்கிறேன்.

பன்னிரண்டு வயதில் நீ என் ரீலை ஆழத்தில் தவறவிட்டபோது நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் உன் உண்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன் பாப்பா. அதற்குப் பிறகு எதை இழந்தாலும் நீ என்னிடம் வந்து சொன்னதில்லை. இத்தனை வருஷமும் அதைப் பொறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை 11 மணி வேலை நேரம். கேள்வி கேட்கவில்லை.

ராடும் ரீலும் வாங்க வேண்டாம், என்னுடைய 8 வெயிட்டைப் பொதிந்து வைத்திருக்கிறேன், நாளை அனுப்புகிறேன். லைனும் புதிதாகவே சுற்றியிருக்கிறேன். தண்ணீரில் விழுந்தால் விழட்டும். கரை ஏறியதும் "ஏறிட்டேன்" என்று மட்டும் ஒரு செய்தி போடு.

அப்பா