தன்வரலாற்றைச் சுருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

எழுத்தாளர் தன்வரலாறுகள் பற்றிய தங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை, ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ.வின் (எஸ். பொன்னுத்துரை) தன்வரலாறான 'வரலாற்றில் வாழ்தல்' நூலின் இரு பெருந்தொகுதிகளையும் சுருக்கி மறுபதிப்பிடலாம் என்கிறது. இது ஏற்கத்தக்கதன்று. 'தீ', 'சடங்கு' நாவல்களை எழுதியவர் ஒளிவுமறைவின்றி எழுதிய நூல் அது. சுருக்குபவர் முதலில் வெட்டுவது வீட்டுச் சங்கதிகளையும் இலக்கியச் சச்சரவுகளையுமே. அவை போனால் மிஞ்சுவது பாராட்டு மலர்தான். முற்போக்கு எழுத்தாளர் அணியை விட்டு விலகி அவர் 'நற்போக்கு' என்ற மாற்று இலக்கியக் கொள்கை பேசிய காலத்தை மட்டும் தேடும் மாணவருக்கு நீளம் இடரன்று, தேட வழியின்மையே இடர்.

எனவே மறுபதிப்பில் ஆள், ஊர், சஞ்சிகைப் பெயர்களுக்கு அகரவரிசைச் சுட்டி வேண்டும். புனைபெயரையும் இயற்பெயரையும் ஒரே பதிவில் இணைக்காவிட்டால் ஒருவரே இருவராகிவிடுவார். பக்க அமைப்பு இறுதியான பின்னரே சுட்டி எண்களை இட வேண்டும். பிந்திச் சேர்க்கும் ஒரு பந்தியே எல்லா எண்களையும் தள்ளிவிடும். நினைவுப் பிசகுகளை மூலத்தில் திருத்தாமல் அடிக்குறிப்பில் காட்டலாம். கட்டமைப்பும் முக்கியம்: தடித்த நூலைப் பசையால் மட்டும் ஒட்டினால், இரவல் கொடுக்கும் நூலகத்தில் நடுமுதுகு பிளந்து தாள்கள் கழலும். 16 பக்க மடிப்புகளாக நூலால் தைத்து, மூன்று தொகுதிகளாக வெளியிடுவதைப் பதிப்பாளர்கள் பரிசீலிக்கலாம்.

வாசகர்,
யாழ்ப்பாணம்