செடி வாங்கும் முன்னாடி வெயிலையும் தண்ணியையும் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல வீட்டு முன்னாடி வைக்கிற அழகுச் செடிங்க பத்தி வந்த பக்கத்தைப் படிச்சேன். போட்டோ எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா அதுல பாதி செடி நம்ம வெயிலுக்கும் போர் தண்ணிக்கும் நிக்காது, நிக்கிறதுலயும் சிலது சின்னப் புள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு ஆகாது, அதையும் கூடவே சொல்லியிருக்கலாம்னுதான் எழுதுறேன்.

இட்லிப்பூவையே எடுத்துக்கோங்க. நர்சரியில தளதளன்னு இருக்கும், எங்க தாம்பரம் பக்கம் கேட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா வைக்காத வீடே கம்மி, கொஞ்ச மாசத்துல இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரிய ஆரம்பிச்சிடும், உடனே ஏதோ நோய்னு பூச்சி மருந்து அடிக்கிறாங்க. அது பூச்சியும் இல்ல நோயும் இல்ல. போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, போதாததுக்கு வீடு கட்டினப்போ கொட்டின சிமென்ட் கலவை செவுத்தோரம் மண்ணுக்குள்ளயே கிடக்கு, அதனால மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால இழுக்க முடியல. உரக்கடையில அன்னபேதின்னு (இரும்பு சல்பேட் உப்பு) கேட்டா தருவாங்க, லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு கொஞ்சம் எலுமிச்சம் சாறும் விட்டு சாயங்காலமா இலை மேல தெளிச்சா வர்ற துளிர் பச்சையா வரும். ஆனா தண்ணி அதே தண்ணிதானே, திரும்பத் திரும்ப செஞ்சுக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பதிலா மருதாணி, நொச்சி, ஆவாரை, வெயில் நல்லா விழுற இடம்னா காகிதப்பூன்னு வச்சிட்டா இந்தத் தொல்லையே இல்ல. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற மூணடி சந்துல காகிதப்பூ வச்சிட்டு பூக்கலையேன்னு வருத்தப்படுறவங்க நிறைய, அந்த அரை நிழலுக்கு நந்தியாவட்டையும் கனகாம்பரமும்தான் சரி.

அடுத்து அரளி. தண்ணி இல்லாமலே பூக்குது, ஆடு மாடு கடிக்காதுன்னு எல்லாரும் வைக்கிறாங்க. ஆடு ஏன் கடிக்கலன்னு யோசிக்கணும் இல்லையா, இலை பூ தண்டு எல்லாமே விஷம். 2024 மே மாசம் கேரளாவுல கோயில்களை நிர்வகிக்கிற தேவஸ்வம் போர்டுங்க நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப் பூவே வேணாம்னு நிறுத்தினாங்க. மஞ்சள் அரளிக் காயும் விஷம்தான், தவழுற புள்ள கையில கிடைச்சதை வாயில வைக்கும். வெட்டிப் போடுங்கன்னு சொல்லல, ஆனா விக்கிறப்பவே ஒரு வார்த்தை சொல்லி விக்கணும், ஒரு நர்சரியிலயும் சொல்றதில்ல.

வேலிக்கு சீக்கிரம் வளருதுன்னு கோனோகார்பஸ்ங்கிற வெளிநாட்டு மரத்தை வச்ச லேஅவுட்டும் நிறைய இருக்கு. குஜராத்துல 2023லயே தடை பண்ணிட்டாங்க, 2025ல நம்ம அரசும் வேணாம்னு உத்தரவு போட்டுச்சு, ஆனா ஏற்கெனவே வச்சது மதிலோரம் நின்னுக்கிட்டுதான் இருக்கு, வேர் டிரைனேஜ் பைப்பைத் தேடிப் போகுது. அந்த இடத்துக்கு ஆடாதோடை இருக்கு, ஆடு தொடாது, குச்சி நட்டாலே வந்துடும், அடர்த்தியா வேலியும் கட்டும்.

கறிவேப்பிலையை சமையலுக்குன்னு மட்டும் பின்னாடி ஒதுக்காதீங்க, முன்னாடியே ஒண்ணு வைங்க. குருவி எச்சம் மாதிரியே ஒரு புழு இலை மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், கொஞ்ச நாள்ல பச்சையாகிடும், அப்புறம் கூடு, அப்புறம் கருப்பு ரெக்கையில வெள்ளைப் புள்ளி வரிசையோட பட்டாம்பூச்சி. நாலு இலை போனா போகட்டும், மருந்து அடிக்காதீங்க. எங்க பேத்திங்களுக்கு டிவியை விட இதுதான் இஷ்டம்.

உங்ககிட்ட ஒரு கோரிக்கை. கடற்கரை மணலுக்கு எது, தஞ்சாவூர் களிமண்ணுக்கு எது, கோவை கரிசலுக்கு எதுன்னு ஊர்வாரியா விவரம் போடுங்க. தோட்டக்கலைத் துறை பண்ணைகள்ல ஆவாரை, நொச்சி, ஆடாதோடை கன்னுங்களும் எப்பவும் கிடைக்கிற மாதிரி செய்யணும், எல்லா நர்சரியிலயும் பாக்கெட்டுல உயரம் எவ்வளவு, வெயிலா நிழலா, விஷமா இல்லையான்னு தமிழ்ல ஒரு சீட்டு ஒட்டணும், இதையும் நீங்க எழுதினாத்தான் அதிகாரிங்க காதுல விழும். ஐப்பசி மழைக்கு முன்னாடி இது வந்தா இந்த வருஷம் கன்னு நடுறவங்களுக்கே உதவும்.

இப்படிக்கு,
தாம்பரம் வாசகி