காதல் பாட்டில் வேதம் தேடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

காதல் பாடல்களில் கிறிஸ்தவப் பொருள் ஒளிந்திருப்பதாகத் தங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை கூறுகிறது. கனடியப் பாடகர் லியோனார்டு கோஹனின் 'அல்லேலூயா' பாடலை (1984) அதில் சேர்த்தது பொருந்தாது. அதில் ஒளிவுமறைவே இல்லை. குளிக்கும் பெண்ணைத் தாவீது அரசன் கண்டது விவிலியத்தின் 2 சாமுவேல் 11. தலைமயிர் அறுபடுவது நியாயாதிபதிகள் 16, சிம்சோன் கதை. இரண்டுமே இயேசுவுக்கு முந்தைய பழைய ஏற்பாடு, எழுதியவர் யூதர், பாடுபொருளோ கசந்துபோன காதல். 'நீ' என்று வரும் இடமெல்லாம் இயேசு ஆகிவிடாது. ஆண்டாள் பாட்டைக் கண்ணன் பாட்டு என்கிறோம் என்றால், அவள் கண்ணன் பெயரைச் சொல்லியே பாடுகிறாள்.

இங்கே சாட்ஸ்வொர்த் திருமணங்களில் பெரும்பாலும் இந்தப் பாடலின் பல்லவிதான் ஒலிக்கிறது. சரணங்களை யாரும் பார்ப்பதில்லை. பாடகர் குழுவினர் முழுப் பாடலையும் அச்சிட்டு, ஒத்திகைக்கு முன்பே போதகரிடமும் மணமக்களிடமும் கொடுக்கலாம்.

வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்