பிள்ளையை மட்டும் கூப்பிட்டுப் பேசி அனுப்பாதீர்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா எழுதுகிறேன். பள்ளிக் கவுன்சிலிங்கில் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஆடி மாதம் தொடங்கி தினமும் காலையில் வயிற்று வலி. சீருடை போட்டதும் ஆரம்பிக்கும், எட்டு மணி டவுன் பஸ் போனதும் மெல்லக் குறையும். ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், பூச்சி மாத்திரை கொடுத்தோம், என் அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். பள்ளியில் கவுன்சிலிங் என்று அவளை மட்டும் கூப்பிட்டு, பயப்படாதே, அம்மா அப்பா உனக்காகத்தானே கஷ்டப்படுகிறார்கள், நன்றாகப் படி என்று இருபது நிமிடம் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் அதே வலி. "நடிக்கிறியா" என்று நானே ஒரு நாள் கத்திவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அப்புறம் அரசு மருத்துவமனையில் ஓர் ஆலோசகர், அடுத்த முறை வீட்டில் இருக்கிற எல்லாரும் வாங்க, பாட்டியும்தான் என்றார். போனோம். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, ஒவ்வொருவரிடமும் கேள்விதான் கேட்டார். பாப்பாவுக்கு வலி வந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? அப்போது அப்பா என்ன செய்வார்? வலி இல்லாத அன்று காலையில் வீடு எப்படி இருக்கும்? அந்தக் கடைசிக் கேள்விக்கு நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன், வந்ததும் கடன், வட்டி என்று சண்டை தொடங்கும். மகளுக்கு வலி என்றால் மட்டும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்ப்போம். "நான் ஸ்கூலுக்குப் போயிட்டா நீங்க சண்டை போடுவீங்க, அம்மா எங்கயாவது போயிடுவாங்க" என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அவளை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, எங்களை அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார வைத்தார் அந்த ஆலோசகர். ஐந்து முறை போனோம். கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் பணக் கணக்கை ஞாயிறு மதியம்தான் பேசுவது, காலையில் மகளை பஸ் ஏற்றிவிடுவது என் வேலை என்று முடிவானது. வலி போக இரண்டு மாதம் ஆயிற்று.

பள்ளியில் பேசிய கவுன்சிலரை நான் குறை சொல்லவில்லை. எங்களைக் கூப்பிட அவருக்கு நேரமும் இல்லை, அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனங்களில் தகுதியான ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பெற்றோருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தச் சொன்னது. நல்லது. ஆனால் ஆளைப் போட்டுவிட்டோம் என்று பதிவேட்டில் எழுதுவதோடு இது நின்றுவிடக் கூடாது. வேலூர் சி.எம்.சி. மனநலப் பிரிவில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்து சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நம் ஊரில் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

கூலி வேலைக்குப் போகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நேரம் கொடுங்கள். பள்ளியிலிருந்து போன் எப்போதும் அம்மாவுக்குத்தான் வருகிறது, அப்பாவையும் கூப்பிடுங்கள். அப்பா வளைகுடாவில் இருந்தால் வீடியோ காலில் வரட்டும், வளர்ப்பது பாட்டி என்றால் பாட்டி வரட்டும். தயவுசெய்து இதை மதிப்பெண் பேசும் பெற்றோர் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள், நாலு பேர் முன்னால் யாரும் வீட்டுக் கதையைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் முக்கியம். பிள்ளை தனியாகச் சொன்னதை அப்படியே எங்களிடம் ஒப்பிக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் வேறு. எதை எங்களிடம் சொல்ல வேண்டியிருக்கும், எதைச் சொல்லத் தேவையில்லை என்று தொடக்கத்திலேயே பிள்ளைக்கும் எங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள்ளேயே அடிப்பவரோ தொடக் கூடாத இடத்தில் தொடுபவரோ இருந்தால் அந்த ஆளைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைப்பது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. அங்கே குழந்தைகள் உதவி எண் 1098-ம், பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும்தான் வழி, பாலியல் கொடுமை தெரிந்தால் புகார் கொடுப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய கவுன்சிலருக்குப் பயிற்சி வேண்டும், ஒரு நாள் வகுப்பில் அது வராது.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். வாரத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு ஓர் அறையைத் திறந்து வைக்கவும், அங்கே உட்கார ஓர் ஆலோசகரை அனுப்பவும் உங்கள் உத்தரவு வேண்டும். நாற்காலிகளை நாங்கள் வாங்கிப் போடுகிறோம்.