போர் விமான சிமுலேட்டருக்குக் குரல் கட்டளை: பழியை உச்சரிப்பின் மேல் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்ப்யூட்டர் விமான சிமுலேட்டர்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் குரல் கட்டளைக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தீர்கள். விலை உயர்ந்த ஹெட்செட் வாங்கினால் கீபோர்டே தேவைப்படாது என்றும், நம்மவர்களின் ஆங்கில உச்சரிப்பு மென்பொருளுக்குப் பிடிபடாது என்றும் அதில் இருந்தது. இரண்டுமே சரியில்லை. 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய்-30 படைப்பிரிவு வந்ததிலிருந்து, புதுக்கோட்டை சாலையில் அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டில் ‘டிசிஎஸ் வேர்ல்ட்’ என்ற போர் விமான சிமுலேட்டரை இறக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இந்தப் பக்கம் உண்டு. நாமே ஓட்டும்படியான சுகோய்-30 அதில் கிடையாது. சுகோய்-25டி இலவசம், சுகோய்-27க்குக் காசு. அவர்கள் அந்தப் பத்தியை நம்பி ஹெட்செட்டில் பணத்தைக் கொட்டக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில், எதைக் குரலிடம் விடலாம், எதை விடக் கூடாது? மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் விநாடிக்கு 250 மீட்டர் கடக்கும். பட்டனை அழுத்தி, மூன்று சொல்லைச் சொல்லி முடித்து, மென்பொருள் அதை உறுதி செய்து விசையைத் தட்டுவதற்குள் இரண்டு விநாடி ஓடிவிடும். அதற்குள் விமானம் அரைக் கிலோமீட்டர் போயிருக்கும். ஆகவே சுடுவது, துரத்தும் ஏவுகணையை ஏமாற்ற ஃப்ளேர் என்ற தீப்பிழம்பை வீசுவது, ஏர்பிரேக் மூன்றும் விரலிலேயே இருக்கட்டும். பாராசூட்டில் குதிக்கும் இஜெக்ட் கட்டளையைக் குரலுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு தும்மல் போதும், விமானம் ஒரு பக்கம், விமானி ஒரு பக்கம். குரல் உண்மையிலேயே கைகொடுப்பது ரேடியோவில்தான்: உடன் பறக்கும் விமானத்துக்கு உத்தரவு, விமான தளக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி, தரைப் பணியாளரிடம் எரிபொருளும் ஆயுதமும் கேட்பது. அடுத்தபடியாக விளக்கு, கேனப்பி (விமானியின் தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடி), சக்கரம் போன்ற அவசரமில்லாத வேலைகள்.

ரேடியோவுக்கு ஏன் என்றால், டிசிஎஸ்ஸில் எண்டருக்கு மேல் இருக்கும் பேக்ஸ்லாஷ் விசையைத் தட்டினால் ஒரு மெனு விரியும். அதற்குள் எஃப்1, எஃப்2, எஃப்5 என்று படி இறங்கிப் போக வேண்டும். ஒரு கை ஜாய்ஸ்டிக்கிலும் மறு கை என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலும் இருக்கும்போது இது பெரும் தொல்லை. விஆர் கண்ணாடி போட்டவர் கீபோர்டைத் தடவித்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பலரும் வைத்துக்கொள்ளும் மென்பொருள் ‘வாய்ஸ் அட்டாக்’. நீங்கள் சொல்லும் சொற்றொடரைக் கேட்டு, அதற்கென்று நீங்கள் குறித்துவைத்த விசைகளை உங்களுக்குப் பதிலாக அது தட்டும். சோதனைப் பதிப்பு இலவசம். ஒரே ஒரு புரொஃபைல் (கட்டளைத் தொகுப்பு), அதில் 20 கட்டளை வரை. ஆரம்பத்துக்கு அது தாராளம். அந்த இருபதும் ஒழுங்காக வேலை செய்த பிறகு காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

வாய்ஸ் அட்டாக்குக்குச் சொந்தக் காது கிடையாது. விண்டோஸுக்குள் இருக்கும் பழைய ஸ்பீச் ரெகக்னிஷன் என்ஜினைத்தான் அது பயன்படுத்துகிறது. அந்த என்ஜினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்திய ஆங்கிலம் தெரியும். உச்சரிப்புப் புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விண்டோஸ் போடும்போது அமெரிக்க ஆங்கிலம் தேர்வாகியிருந்தால் என்ஜினும் அமெரிக்க நாக்கைத்தான் எதிர்பார்க்கும். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ பகுதிக்குப் போய் இங்கிலீஷ் இந்தியாவைச் சேருங்கள். சேர்க்கும்போது ஸ்பீச் என்ற பெட்டியிலும் டிக் செய்து இறக்க வேண்டும். மொழி மட்டும் வந்தால் பயனில்லை. பிறகு கண்ட்ரோல் பேனலின் ஸ்பீச் ரெகக்னிஷன் பக்கத்திலும், வாய்ஸ் அட்டாக் ஆப்ஷன்ஸில் ரெகக்னிஷன் பகுதியிலும் அதே என்ஜினைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, உங்கள் குரலுக்கு அதைப் பழக்கும் பயிற்சி. திரையில் வரும் வாக்கியங்களை வாசிக்கச் சொல்லும்; இரண்டு மூன்று முறை வாசியுங்கள். செய்தி வாசிப்பாளர் குரல் வேண்டாம். விமானம் ஓட்டும்போது எப்படிப் பேசுவீர்களோ அப்படியே, அதே மைக்கில், அதே நாற்காலியில், மின்விசிறி சுழலும்போதே வாசியுங்கள். அமைதியான அறையில் பழக்கிவிட்டு, ஃபேன் காற்றில் கட்டளையிட்டால் பழக்கியது வீண். விண்டோஸ் 11இல் ‘வாய்ஸ் ஆக்சஸ்’ என்று புதிதாக ஒன்று இருக்கிறது. அது வேறு சமாச்சாரம், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு விளையாடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்தில், இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் மூச்சுக்காற்று அடிக்காது. அதன் மேல் பஞ்சு உறை கட்டாயம். டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரே இல்லாமல் முதுகுப் பக்கமோ காலடியிலோ இருக்கட்டும். செல்போனோடு வரும் ஒற்றைப் பின் இயர்போனை டெஸ்க்டாப்பின் இளஞ்சிவப்புத் துளையில் செருகிவிட்டு மைக் செத்துவிட்டது என்று சொல்பவர்கள் நிறைய. அந்தப் பின்னில் ஒலியும் மைக்கும் ஒன்றாக இருக்கின்றன. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று வேண்டும். மலிவான விலையில் கடையில் கிடைக்கும்.

இன்னொன்று, இரைச்சல். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கட்டளைகள் பிடிபடாமல் போனால், அது பியூர் சைன் வேவ் வகை இல்லாத இன்வெர்ட்டராக இருக்கலாம். அதன் உறுமல் முன்பக்க ஆடியோ ஜாக் வழியாக மைக்கில் ஏறும். எர்த் சரியாக இல்லாத பிளக்கிலும் இதே கதைதான். விண்டோஸின் சவுண்ட் ரெக்கார்டரில் (விண்டோஸ் 10இல் அதன் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர்) பத்து விநாடி பேசாமல் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ‘ங்’ என்ற ரீங்காரம் கேட்டால் சிறிய யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்றை வாங்கி மைக்கை அதில் மாற்றுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும், நான்காயிரம் ரூபாய் ஹெட்செட்டை அதே ஜாக்கில் செருகினால் தீராது. மைக் அளவை 70, 80க்குள் வைத்து, மைக் ஒலியைப் பெருக்கிக் காட்டும் பூஸ்ட்டை முடிந்தவரை குறையுங்கள். பூஸ்ட் ஏற ஏற ஃபேனும் அடுத்த வீட்டு டிவியும் உங்களோடு சேர்ந்து ஏறும். புதிதாக ஒலிக் கருவி எதையாவது யூஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் தானாகவே டிஃபால்ட் மைக்கை மாற்றிவிடலாம். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

திறந்த மைக் வைக்காதீர்கள். ஸ்பீக்கரில் ஒலி வைத்தால், விளையாட்டில் கோபுரம் பேசும் ஆங்கிலத்தையே கட்டளை என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டனைக் குறித்து, அது அழுந்தியிருக்கும்போது மட்டும் கேட்கும்படி வாய்ஸ் அட்டாக்கின் ஹாட்கீ பகுதியில் அமையுங்கள். அழுத்தி ஒரு கணம் கழித்துப் பேச வேண்டும். கடைசிச் சொல் முழுதாக முடிந்த பிறகே விட வேண்டும். பாதிப் பேர் கடைசி அசையில் விரலை எடுத்துவிடுகிறார்கள், வால் அறுந்த சொல் அடையாளம் தெரியாமல் போகிறது.

சொற்றொடரைத் தேர்வதில்தான் மொத்த சாமர்த்தியமும் இருக்கிறது. ஓரசைச் சொல் கூடாது. ‘கியர்’ என்று மட்டும் வைத்தால் இருமலும் கியர்தான். இரண்டிலிருந்து நான்கு சொல் நல்லது. சக்கரத்தை மடக்கும் ‘கியர் அப்’, இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளை ஏற்றும் ‘ஃப்ளாப்ஸ் அப்’ இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் ஒன்றுக்கு ஒன்று மாறும். ‘ரெய்ஸ் லேண்டிங் கியர்’, ‘ஃப்ளாப்ஸ் அப்’ என்று நீளத்திலேயே வித்தியாசம் காட்டுங்கள். ஒரே கட்டளைக்குப் பல சொற்றொடர் வேண்டுமானால் நடுவில் அரைப்புள்ளி போட்டு எழுதலாம். சதுர அடைப்புக்குள் மாற்றுச் சொற்களை வைத்தால் மென்பொருள் தானே எல்லாச் சேர்க்கைகளையும் உண்டாக்கிக்கொள்ளும்.

இனி உச்சரிப்பு. வாய்ஸ் அட்டாக்கின் பிரதான ஜன்னலில் ஒரு பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். புரியாத பேச்சு வந்தால், அது தன் காதில் எப்படி விழுந்தது என்பதையும் அங்கே காட்டும். சொற்றொடரின் தொடக்கத்தில் ‘ஃப’ வருமிடத்தில் நம் வாயில் ‘ப’ வருவது சகஜம். ‘ஃப்ளாப்ஸ்’ என்றால் அது ‘லாப்ஸ்’ என்றோ ‘பிளாக்ஸ்’ என்றோ எழுதும். கோபப்படாதீர்கள். அது எழுதியதை அப்படியே நகலெடுத்து, அந்தக் கட்டளையின் சொற்றொடர் பெட்டியில் அரைப்புள்ளி போட்டு ஒட்டுங்கள். அடுத்த முறை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே அது ஏற்றுக்கொள்ளும். இருபது கட்டளைக்கும் ஒரு மாலை உட்கார்ந்து இதைச் செய்தால் உச்சரிப்பு என்ற பேச்சே எழாது. தமிழ்ச் சொல்லைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதி வைக்கலாம். ‘சக்கரம் இறக்கு’ போன்றவை ஓரளவு பிடிபடும். ழகரம் வரும் சொற்களை விட்டுவிடுங்கள். நம்பிக்கை அளவு என்று 0 முதல் 100 வரை ஓர் எண் இருக்கிறது. அதை ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனியாக வைக்கலாம். குண்டுகளைக் கழற்றி எறிவது போன்ற திரும்பப் பெற முடியாத கட்டளைக்கு உயரமாகவும் விளக்குக்குத் தாழ்வாகவும் வையுங்கள்.

விசைப் பக்கம் வரும் கோளாறுகள் வேறு ரகம். சொன்னது புரிந்ததாகப் பதிவில் காட்டும், விமானத்தில் ஒன்றும் நடக்காது. டிசிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்துவிட்டு வாய்ஸ் அட்டாக்கைச் சாதாரணமாகத் திறந்தால் விண்டோஸ் விசைகளை உள்ளே விடாது. இரண்டையும் ஒரே உரிமையில் திறக்க வேண்டும். விசையை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதும் முக்கியம். பழைய கிராபிக்ஸ் கார்டில் விநாடிக்கு 20 ஃபிரேம், அதாவது 20 படம், ஓடினால் ஒரு ஃபிரேமுக்கே 0.05 விநாடி ஆகிறது. அதைவிடச் சுருக்கமான தட்டலை சிமுலேட்டர் பார்க்காமலே போகலாம். 0.1 விநாடிக்குக் குறையக் கூடாது, தடுமாறினால் 0.2 வரை போகலாம்.

ரேடியோ கட்டளையில் விசைகளுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். பேக்ஸ்லாஷ், 0.3 விநாடி இடைவெளி, எஃப்5, மறுபடி 0.3, பிறகு எஃப்1 என்கிற கணக்கில் வையுங்கள். இடைவெளி இல்லையென்றால் மெனு திறக்கும் முன்பே எஃப் விசைகள் போய்ச் சேரும். மெனு மூடியிருக்கும்போது அதே விசைகள் கேமரா விசைகள்: எஃப்2 விமானத்தை வெளியிலிருந்து காட்டும், எஃப்10 வரைபடத்தைத் திறக்கும். உடன் பறப்பவனை உதவிக்குக் கூப்பிட்டால் காட்சி திடீரென்று காக்பிட்டுக்கு வெளியே தாவுவது இதனால்தான். இன்னொரு சங்கடம், மெனு மிஷனுக்கு மிஷன் மாறும். எந்த வரியில் எந்த விமான தளம் என்பது நிலையில்லை. இன்று எஃப்1இல் இருப்பது நாளை எஃப்3இல் இருக்கலாம். ஆகவே எண்களை நம்பி ஆழமான படிகளுக்குக் கட்டளை எழுதாதீர்கள். முதல் இரண்டு படியோடு நிறுத்தி, மிச்சத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யும் வீடுகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் விண்டோஸ் கீபோர்டு மொழியை மாற்றிவிடும். அந்தச் சேர்க்கை உள்ள கட்டளை ஒன்று ஓடினால் நடுவானில் கீபோர்டு தமிழுக்குப் போய்விடும், அதற்குப் பின் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. மொழிமாற்றக் குறுக்கு விசையை அணைத்துவிடுங்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான என்எச்எம் ரைட்டர் ஆல்ட்டோடு எண் விசைகளைப் பிடித்துக்கொள்ளும். பறக்கும்முன் அதை மூடுவது நல்லது.

மெனு தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு வாய்ஸ் அட்டாக்கோடு சேர்ந்து இயங்கும் ‘வைகாம்’ என்ற பிளக்இன் (துணை மென்பொருள்) இருக்கிறது. முன்பு காசுக்கு விற்றது, இப்போது ஆர்வலர்கள் இலவசமாகப் பராமரிக்கிறார்கள். எஃப் விசைகளைத் தட்டாமல் நேரடியாக டிசிஎஸ்ஸோடு பேசும், அதனால் வரிசை மாறினாலும் கவலையில்லை. அதன் சொற்பட்டியல் 20 கட்டளைக்குள் அடங்காது என்பதால் வாய்ஸ் அட்டாக்கின் முழுப் பதிப்பு வேண்டும். பேசும் பட்டனுக்கு அதில் இரண்டு வரி உண்டு, ஒன்று அழுத்தும்போது, மற்றது விடும்போது. இரண்டிலும் ஜாய்ஸ்டிக் பட்டனைக் குறித்து, இரண்டாவதில் ‘விடும்போது மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். இரண்டாவதை மறந்தால் மைக் திறந்தபடியே நிற்கும். வாய்ஸ் அட்டாக்கை முதலில் திறந்து பிறகே டிசிஎஸ்ஸைத் திறக்க வேண்டும். புதுச் சொற்களைச் சேர்த்தால் வைகாமின் எடிட்டரில் முடிப்பு பட்டனை அழுத்தி, கிடைக்கும் பட்டியலை வாய்ஸ் அட்டாக் புரொஃபைலில் மறுபடி ஒட்டினால்தான் செல்லும்.

கடைசியாக, கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யக் கடையில் கொடுப்பதற்கு முன் புரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டளைகள் திரும்ப வந்துவிடும். விண்டோஸுக்குக் கொடுத்த குரல் பயிற்சி அந்தக் கோப்பில் வராது. அதை மறுபடி வாசித்தே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.