கைவினைக் கண்காட்சிக் குழுவினருக்கு: கையால் செய்தது எது என்று எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். "புத்தர் தீம்" என்று நீங்கள் நடத்திய போன கண்காட்சியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். காய்ந்த சுரைக்காய் ஓட்டில், அதாவது சுரைக்குடுக்கையில், செதுக்கிய விளக்குகளை வைத்திருந்த நாங்கள் அன்று மாலையே உங்கள் மேசைக்கு வந்து சொன்னோம். "எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்" என்றீர்கள். எழுதிக் கொடுத்தோம். இதுவரை பதில் இல்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

என் மேசையில் "கையால் செதுக்கியது" என்று நானே எழுதி வைத்திருந்த அட்டையை உங்கள் தன்னார்வலர் ஒருவர் எடுத்துவிட்டு, "கைவினைப் பொருள்" என்று அச்சடித்த அட்டையை வைத்தார். எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி அட்டைதானாம். அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை, சொன்ன வேலையைச் செய்தார். ஆனால் அதே அட்டை பக்கத்து மேசையிலும் இருந்தது. அங்கே இருந்ததெல்லாம் குடுக்கையில் லேசர் இயந்திரத்தால் பொறித்த புத்தர் முகங்கள், விலை 400 ரூபாய். என்னுடையது 3,500. வருகிறவர்கள் இரண்டு அட்டையையும் படிக்கிறார்கள், இரண்டு விலையையும் பார்க்கிறார்கள், "அங்கேயும் இதேதானே, நீங்க மட்டும் ஏன் இவ்வளவு சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். அப்படிக் கேட்கிற நிலையில் அவர்களை நிறுத்தியது நீங்கள்.

அந்த 3,500 எங்கே போகிறது என்று சொல்கிறேன். காய்கறிக் கடையில் கிடைக்கிற பிஞ்சுச் சுரைக்காய் இதற்கு ஆகாது. ஓடு தடித்த நாட்டுக் குடுக்கைச் சுரை வேண்டும், விதையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆடியில் ஊன்றினால் மாதக்கணக்காகக் கொடியிலேயே முற்ற விட வேண்டும். பறித்த பிறகும் பச்சை போய், பூஞ்சணம் பிடித்து, கனம் குறைந்து, உலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் சில காய் அழுகிப்போகும், சிலது வெடிக்கும். மிஞ்சியதை ஊற வைத்து, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் மேல்தோலைத் தேய்த்து எடுத்து, அப்புறம் அடியில் துளை போட்டு உள்ளே காய்ந்திருக்கிற சதையைச் சுரண்ட வேண்டும். அந்தத் தூசி பொல்லாதது. முகமூடி போட்டாலும் தொண்டை கசக்கும், இரவெல்லாம் இருமல் வரும். இவ்வளவும் ஆன பிறகுதான் பென்சிலையே கையில் எடுக்கிறோம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. 1856க்குப் பிறகு அந்த ஊரில் மண்ணுக்குள்ளிருந்து 300க்கும் மேல் கிடைத்தன, அவற்றில் பல இங்கே இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தலை உச்சியில் ஒரு தீச்சுடர் எழும்பி நிற்கும், அந்த ஊர்ப் புத்தரை அடையாளம் காண அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் குடுக்கையின் காம்பையே அந்தச் சுடராக வைத்துக்கொள்கிறேன். காம்பு எப்படி வளைந்து காய்ந்ததோ அப்படித்தான் சுடரும் சாயும். ஒன்றில் இடப்பக்கம் சாயும், இன்னொன்றில் நிமிர்ந்து நிற்கும். அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது, கண்ணை எவ்வளவு தாழ்த்துவது என்று முடிவு செய்வேன். சூட்டுக் கம்பியை ஓட்டில் வைத்துவிட்டால் அழிக்க முடியாது. கை ஒரு நொடி தயங்கினால் அங்கே கோடு தடித்துக் கருகிவிடும். மூச்சை ஒழுங்காக விட்டு, கோடு முடியும் வரை வேறு நினைப்பு இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குத் தியானம் என்று தெரிந்தது இதுதான்.

பக்கத்து மேசையில் இருந்த முகங்களை நான் எடுத்துப் பார்த்தேன். வரிசையாக வைத்தால் எல்லாவற்றிலும் சுருள் முடி ஒரே எண்ணிக்கை, இமை ஒரே வளைவு. குடுக்கையின் வயிற்றில் கோடு கூர்மையாக இருக்கிறது, இடுப்பு ஒடுங்கும் இடத்தில் மங்கிவிடுகிறது, ஏனென்றால் லேசரின் குவியம் அந்த வளைவோடு போகவில்லை. காம்பை ஒட்ட வெட்டி எறிந்திருந்தார்கள். லேசர் வைத்திருப்பவர் பிழைக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அவரும் கடன் வாங்கித்தான் இயந்திரம் வாங்கியிருப்பார். விற்கட்டும். ஆனால் அட்டையில் "இயந்திரத்தில் பொறித்தது" என்று இருக்கட்டும், என் அட்டையில் "கையால் செதுக்கியது" என்று இருக்கட்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்வது. "பிச்சைப் பாத்திரம் மாதிரி செய்து கொடுங்களேன், புத்தர் தீமுக்கு நன்றாகப் போகும்" என்று உங்களில் ஒருவர் யோசனை சொன்னார். சுரைக்குடுக்கையை ஏந்திப் பிச்சைக்குப் போகக் கூடாது என்று பிக்குகளுக்கான ஒழுக்க நூலான விநயத்தில் விதியே இருக்கிறது. இரும்பும் மண்ணும்தான் அவர்களுக்கு அனுமதி. புத்தர் சொற்களில் சுரைக்காய் வருகிற இடம் வேறு. இலையுதிர் காலத்தில் எறியப்பட்ட சுரைக்காய்களைப் போல வெளுத்துக் கிடக்கிற எலும்புகளைக் கண்ட பிறகு எதன் மேல் ஆசை வரும் என்று தம்மபதம் கேட்கிறது. அப்படி எறிகிற மாதிரி முற்றிய காயில்தான் நான் வேலை செய்கிறேன். அதனால் அந்த வரி எனக்கு முக்கியம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் "புத்தர் தீம்" என்று பெயர் வைத்து நுழைவுக் கட்டணம் வாங்குகிறபோது, ஆந்திராவின் பழைய பௌத்தத் தலமான அமராவதியின் சிற்பத்தில் இருப்பது போலப் பாதச் சுவடு மட்டும் செதுக்கி வைத்த ஒரு பெண்ணிடம் "புத்தரே இல்லையே, இது எப்படித் தீமில் வரும்?" என்று கேட்டு, கடையை ஓரத்துக்கு மாற்றியது சரியா? ஆரம்பகால அமராவதியில் புத்தரைப் பாதமாகவும் வெறும் ஆசனமாகவும் போதி மரமாகவும்தான் காட்டினார்கள். அந்தப் பெண் பதில் பேசாமல் பொருளைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் தாங்கவில்லை.

குடுக்கை வேலை செய்கிறவர்களுக்கு எங்கேயும் இதே கதிதான். விண்ணப்பப் படிவத்தில் மரம், உலோகம், மண், துணி என்று கட்டங்கள் இருக்கும், எங்களுக்கு "மற்றவை". சத்தீஸ்கரின் பஸ்தரில் பழங்குடி மக்கள் சூடான கத்தியால் குடுக்கையில் சுட்டுச் சுட்டு விளக்கு செய்கிறார்கள். சீனாவில் லான்ஜோ ஊர்க்காரர்கள் முட்டை அளவுக் குடுக்கையில் ஊசியால் கீறி, கீறலில் மை தேய்த்துப் படம் வரைகிறார்கள். நம் ஊரிலும் தம்புராவுக்குக் குடமாக இருந்தது, நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் கட்டியது எல்லாம் இதே குடுக்கைதான். இவ்வளவு பழைய பொருளுக்கு ஒரு கட்டம் சேர்க்க முடியாதா? மொத்த வியாபாரிக்கு மூன்று கடை கொடுக்க இடம் இருக்கிறது, உட்கார்ந்து செதுக்கிக் காட்ட ஒரு மின் இணைப்பு கேட்டால் இடம் இல்லை.

கோபத்தில் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்காட்சி நடத்துவதால்தான் எங்களில் பலருக்கு வாங்குகிறவர் முகமே தெரிகிறது, அதை மறக்கவில்லை. அடுத்த கண்காட்சிக்கு விண்ணப்பம் வாங்கும் முன் ஒரு முடிவு எடுங்கள். எது கையால் செய்தது, எது இயந்திரத்தில் பொறித்தது என்று ஒவ்வொரு கடையின் அட்டையிலும் எழுதி வையுங்கள். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்களே வருகிறோம், சம்பளம் வேண்டாம். கையால் செய்தேன் என்கிறவரை உங்கள் முன் உட்கார வைத்து ஒரு கோடு போடச் சொல்லுங்கள், முதல் ஆளாக நான் உட்காருகிறேன். முடியாது என்பதுதான் முடிவு என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள், கட்டணம் கட்டுவதற்கு முன் எங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
குடுக்கையில் செதுக்கும் ஒருவர்