அக்கா கொடுத்த சிறுநீரகமும் உங்கள் ஞாயிறு இணைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பின் நலவாழ்வுப் பக்கத்தில், இஞ்சிப் படத்துக்குக் கீழே கட்டம் கட்டி இரண்டு வரி போட்டிருந்தீர்கள். "எதிர்ப்பு சக்தி கூடக் கூட எந்த நோயும் அண்டாது. இந்தக் கஷாயத்தை எல்லோரும் தினமும் குடிக்கலாம்."

எல்லோரும் என்றால் நானுமா?

என் வலது அடிவயிற்றில் என் அக்காவின் சிறுநீரகம் 2016 முதல் இருக்கிறது. அதை என் உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மாத்திரை போடுகிறேன். டேக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன். மூன்றுக்கும் ஒரே வேலைதான்: எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது. ஒரு பக்கம் அதைக் குறைக்க நான் காசைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கும் பேப்பரோ அதைக் கூட்டிக்கொள் என்கிறது. இந்தக் கடிதத்தில் எழுத்து நடுங்கியிருப்பதும் டேக்ரோலிமஸின் கைங்கரியம்தான். அச்சுக் கோப்பவர் மன்னிக்க.

நீங்கள் அந்தக் கட்டத்தைப் போட்ட அன்று காலை ஏழு மணிக்கே அக்கா போன் செய்துவிட்டார். "டேய் தம்பி, பேப்பர் பாத்தியா? அந்தக் கஷாயத்தைப் போட்டிருக்கான். நானே காய்ச்சிக் கொண்டாரேன்." வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினார். அவருக்கு 68 வயது. சிறுநீரகத்தையே கொடுத்தவர் கஷாயம் கொடுத்தால் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? இதற்கு உங்கள் நலவாழ்வு நிபுணரிடம் ஏதாவது கைமருந்து உண்டா?

தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். நான் 29 வருடம் நடத்துநராக இருந்தவன். அதனால் எனக்கு இது செக்கிங் ஏறுவது போலத்தான் புரிந்தது. நம் உடம்பின் அநேகமாக ஒவ்வொரு செல்லும் வெளியே ஒரு பாஸை ஒட்டி வைத்திருக்கிறது. எச்.எல்.ஏ. என்கிறார்கள். வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை அந்தப் பாஸைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறது. நம்முடையது என்றால் விட்டுவிடும். அந்நியம் என்றால் ஆள் திரட்டிக்கொண்டு வந்து அடிக்கும். வந்தது கிருமியா, கூடப் பிறந்தவள் ஆசையாகக் கொடுத்த உறுப்பா என்றெல்லாம் அதற்குப் பாகுபாடு தெரியாது. கூடப் பிறந்தவர்களுக்குள் இந்தப் பாஸ் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். எனக்கும் அக்காவுக்கும் பாதி பொருந்தியது. மீதிப் பாதி அந்நியம். அதனால் ஆயுசு முழுக்க மாத்திரை.

அதிலும் இந்த எதிர்ப்பு சக்தி மறப்பதே இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தில் பீட்டர் மெடாவர் என்ற விஞ்ஞானி, தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டினால் ஏன் நிற்கவில்லை என்று ஆராய்ந்தார். முதல் முறை ஒட்டிய தோல் சில நாள் தாங்கி உதிர்ந்தது. அதே ஆளிடமிருந்து மறுபடி எடுத்து ஒட்டினால் இன்னும் சீக்கிரம் உதிர்ந்தது. உடம்பு ஆளை ஞாபகம் வைத்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. 1960-ல் அவருக்கு நோபல் பரிசு. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று ஏன் ஜெயித்தது? கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சு அசலான இரட்டையர். இரண்டு பேருக்கும் ஒரே பாஸ். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே இந்த ஆபரேஷன் செய்து காட்டிவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கும் மேலாக இந்த மாநிலத்தில் நடக்கிற விஷயம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பஸ் வசதி இல்லையோ என்னவோ.

சரி, கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். 2020-ல் ஊரே கபசுரக் குடிநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் இணைப்பில் இதே மாதிரி ஒரு பக்கம் வந்தது. மெத்தைக்குக்கூட எதிர்ப்பு சக்தி விளம்பரம் செய்த காலம் அது. "ஆங்கில மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், இயற்கைக்குத் திரும்புங்கள்" என்று போட்டிருந்தீர்கள். ஒரு விதத்தில் உண்மைதான். என் மாத்திரை அதைத்தானே செய்ய வேண்டும்! பஸ் ஓடாத நாள். அக்கா மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒரு பாட்டில் நிறையப் பொடி கொண்டுவந்தார். பாட்டிலைச் சுற்றி உங்கள் பேப்பரின் அந்தப் பக்கம்தான். சுற்றிய ரப்பர் பேண்ட்கூட நினைவிருக்கிறது, பச்சை.

நானும் மனுஷன்தானே. வெளியே கொரோனா, உள்ளே எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை. பயந்துபோய்ப் பொடியைக் குடித்தேன். அதோடு ராத்திரி வேளை மாத்திரையை யாருக்கும் தெரியாமல் நிறுத்தினேன். பதினெட்டு நாள். கால் லேசாக வீங்கியது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.2 இருந்தது 2.7 ஆனது. ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து, உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்துவிட்டது என்றார்கள்.

டாக்டர் திட்டவில்லை. வீட்டிலிருந்து மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் பரப்பி, மிச்சத்தை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். சர்வீஸில் இருந்தவரை எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் என் பையைக் கொட்டி எண்ணியிருக்கிறார்கள். ஒரு நாளும் கணக்கு உதைத்ததில்லை. அன்றைக்கு உதைத்தது. பதினெட்டு வேளை மாத்திரை கூடுதலாக இருந்தது.

மூன்று நாள் டிரிப்ஸில் ஸ்டீராய்டு ஏற்றி நிறுத்தினார்கள். கிரியாட்டினின் 1.6-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. போன 0.4 போனதுதான். பொடிதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தியது நான். ஆனால் நிறுத்தலாம் என்ற தைரியத்தை அச்சடித்து வீட்டு வாசலில் வீசியது யார்? அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் தன் சிறுநீரகத்துக்குத் தானே வினை வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

மாற்று உறுப்பு வைத்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக ஒரு பக்கத்தையே மாற்ற முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவர், மலை மாதிரி ஆள். முதல் வருடம் கதண்டு கொட்டியபோது வீக்கத்தோடு போயிற்று. அடுத்த வருடம் ஒரே ஒரு கதண்டு. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு அடைத்துவிட்டது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிழைத்தார். எதிர்ப்பு சக்தி குறைவாக இருந்ததாலா அப்படி ஆயிற்று? இந்த விபரீதத்தை பிரான்சில் ஷார்ல் ரிஷே என்பவர் 1902-லேயே நாய்களிடம் பார்த்துவிட்டார். கடல் சாமந்தி என்ற கடல் பிராணியின் விஷத்தைக் கொஞ்சம் கொடுத்துப் பிழைத்த நாய், சில வாரம் கழித்து அதில் துளியூண்டு கொடுத்ததும் செத்தது. அவருக்கும் நோபல் கொடுத்தார்கள், 1913-ல். எங்கள் தெருவில் லூப்பஸ் வந்த பெண் இருக்கிறாள், அவளுடைய எதிர்ப்பு சக்தி அவளுடைய மூட்டையே கடிக்கிறது. அவளையும் கஷாயம் குடித்துக் கூட்டிக்கொள்ளச் சொல்வீர்களா?

நான் கஷாயத்துக்கு எதிரி இல்லை. இயற்கை இயற்கை என்கிறீர்களே, என் டேக்ரோலிமஸ் எங்கிருந்து வந்தது? 1984-ல் ஜப்பானில் சுகுபா மலைப்பக்கத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து. அதற்கு முன்பு வந்த சைக்ளோஸ்போரின், நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து. என் மாத்திரையும் மண்ணில் விளைந்ததுதான் ஐயா, என்ன, அளந்து கொடுக்கிறார்கள். காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். கூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம், குறைந்தால் டி செல்லுக்கு. பம்பளிமாஸ் பழம்கூட ரத்தத்தில் இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்பதால் ஒரு சுளைகூடத் தொடாமல் இருக்கிறேன். உங்கள் கட்டத்தில் அளவு எங்கே? "கைப்பிடி" என்றிருந்தது. யார் கை?

மூன்று வருடத்துக்கு முன்பு சிறுநீரகக் கல் கட்டுரைக்கு ஈரல் படத்தைப் போட்டீர்கள். சுட்டிக்காட்டி எழுதினேன். என் கடிதத்தை நாலு வரியாக நறுக்கி, அதில் ஈரல் என்ற வார்த்தையையே எடுத்துவிட்டு, "கட்டுரை அருமை" என்ற பாகத்தை மட்டும் வெளியிட்டீர்கள். "டயாலிசிஸ் இனித் தேவையில்லை" என்று செல் நம்பரோடு வருகிற விளம்பரத்தைப் பற்றி எழுதினேன். பதிலே இல்லை. விளம்பரம் மட்டும் அளவில் பெரிதாகிவிட்டது.

கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அதே மாதிரி கட்டம் கட்டி ஒரு வரி: "மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்களும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது." டெண்டர் அறிவிப்புகளுக்குக் கீழே "திருத்தம்" என்று போட்டுவிடாதீர்கள், அதை அக்கா படிக்கமாட்டார். இஞ்சிப் படம் வேண்டுமானால் இருக்கட்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் பதினெட்டு நாள் கணக்கு அக்காவுக்குத் தெரிந்துதான் போகும். தூக்குச்சட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கப் போகும்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
திண்டுக்கல்.